ஹூஸ்டன் ரோத்கோ சேப்பல்: ஷேடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு

ஹூஸ்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் நம்ம ஊர் அப்பா அம்மாக்களைக் கூட்டிப் போக எல்லா வீட்டிலும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது. நாசா, பியர்லாண்ட் மீனாட்சி கோயில், கால்வெஸ்டன் கடற்கரை. அதில் இன்னொரு இடத்தையும் சேருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மான்ட்ரோஸ் பகுதியில் யூபான் தெருவில் இருக்கும் ரோத்கோ சேப்பல் என்ற பிரார்த்தனைக் கூடம். உள்ளே போகக் காசு கிடையாது. 14 ஓவியங்கள் இருக்கின்றன. எதிலும் உருவம் கிடையாது, கதை கிடையாது. நிறம் மட்டும்தான்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன், என் மதிப்பீடு அதிலிருந்துதான் வருகிறது. திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் ஷேடு, அதாவது நிறச் சாயல், பார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவன். பையர் அனுப்பும் துணித்துண்டுக்கு லேப் டிப், அதாவது அதே நிறத்தில் மாதிரிச் சாயத் துண்டு, போட்டு, இரண்டையும் லைட் பாக்ஸ் என்கிற வெளிச்சப் பெட்டிக்குள் ஒட்டி வைத்து, பாஸா ஃபெயிலா என்று சொல்ல வேண்டும். டி65 என்கிற பகல் வெளிச்சம், டிஎல்84 என்கிற கடை ட்யூப்லைட் வெளிச்சம், குண்டு பல்பு வெளிச்சம் மூன்றிலும் ஒத்துப்போனால்தான் அந்த ஷேடு தேறும். பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணி, ட்யூப்லைட்டுக்குக் கீழே வந்ததும் ஒன்று சிவப்பு அடிக்கும், மற்றது பச்சை அடிக்கும். மெட்டமெரிசம் என்று அதற்குப் பெயர். அதனால் திரும்பி வந்த லோடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓவியம் பற்றி எனக்குப் படிப்பு கிடையாது. நிறத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு என்று நம்புகிறேன்.

கட்டடம் வெளியிலிருந்து பார்க்க ரொம்பச் சாதாரணம். ஜன்னலே இல்லாத செங்கல் சுவர், எட்டுப் பக்கம். ஜான் டி மெனில், டொமினிக் டி மெனில் என்ற தம்பதி பிரான்சிலிருந்து வந்து ஹூஸ்டனில் குடியேறியவர்கள். 1964-இல் மார்க் ரோத்கோ என்ற அமெரிக்க ஓவியரிடம் இந்த ஓவியங்களைக் கேட்டார்கள். முதலில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்காக நினைத்த கட்டடம், 1971-இல் திறந்தபோது எல்லா மதத்தாருக்கும், மதம் வேண்டாம் என்பவருக்கும் பொதுவான இடமாகிவிட்டது. வாசலை ஒட்டிய இடத்தில் பல மதங்களின் புனித நூல்கள் இருக்கின்றன. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. இரண்டு விதியும் அவசியமானவை.

உள்ளே சாம்பல் நிறச் சுவர், சில மரப் பெஞ்சுகள், கூரை நடுவிலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம். அந்தச் சாம்பல் சுவரைப் பார்த்ததுமே எனக்கு இடத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. எங்கள் லைட் பாக்ஸின் உட்புறமும் சாம்பல்தான். பக்கத்தில் இன்னொரு நிறம் இருந்தால் கண் ஏமாந்துபோகும். கொஞ்ச நேரம் கடும் சிவப்பைப் பார்த்துவிட்டு வெள்ளையைப் பார்த்தால் பச்சையாகத் தெரியும். அதனால்தான் நிறம் பார்க்கிற இடத்தில் சாம்பலைத் தவிர வேறெதுவும் வைக்க மாட்டோம். இந்த அறையை அமைத்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

நுழைந்தவுடன் தெரிவது கறுப்பு. எட்டுத் திசையிலும் கறுப்பு. பலர் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்ற முகத்தோடு வெளியே போய்விடுகிறார்கள். டெக்சாஸ் வெயிலைப் பார்த்த கண்ணோடு நேரே வந்தால் வேறெதுவும் தெரியவும் தெரியாது. மங்கல் வெளிச்சத்துக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தை இந்த இடத்துக்குக் கொடுக்க முடியாதவர்கள் வர வேண்டியதில்லை என்பேன். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உட்காராதவருக்கு இங்கே பார்க்க உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

சாயத் தொழிலில் இருக்கிறவனுக்குக் கறுப்பு என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. பருத்திக்கு அதிகம் போகிற ரியாக்டிவ் கறுப்புச் சாயத்தைத் தனியாகப் போட்டால் கருநீலமாகத்தான் நிற்கும். அதோடு ஆரஞ்சும் சிவப்பும் சேர்த்துத்தான் ஜெட் பிளாக் எடுப்போம். அதனால் எந்தக் கறுப்பைப் பார்த்தாலும் இது எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுதான் கண் முதலில் தேடும்.

அப்படித்தான் வடகிழக்கு மூலைச் சுவரில் இருக்கும் ஓவியத்தின் எதிரில் உட்கார்ந்து தேடினேன். ஏறக்குறைய 15 அடி உயரம். முதலில் சிவப்பு அடித்தது. கொஞ்ச நேரம் போனதும் நடுவில் நீலம் எழுந்தது. பிறகு கீழ் ஓரம் முழுக்க நாவல்பழ நிறம், மேலே போகப் போக அரக்கு. ஒரே நிறம் பூசியது என்று நினைத்த பரப்பில் ஒரு முழத்துக்கு ஒரு ஷேடு. எழுந்து கொஞ்சம் முன்னால் போனால் பிரஷ் போன தடம் தெரிகிறது. அகலமான பிரஷ், மேலும் கீழுமாகவும் குறுக்கிலும் போயிருக்கிறது. சில இடத்தில் அழுத்தி, சில இடத்தில் தண்ணியாக. எங்கள் பட்டறையில் இப்படி ஒரு ரோல் வந்தால் பேட்ச்சி என்று எழுதி மறுசாயத்துக்கு அனுப்பிவிடுவோம். இங்கே அந்த ஏற்றத்தாழ்வுதான் ஓவியத்துக்கு மூச்சு.

அப்போது வெளியே ஒரு மேகம் கடந்திருக்க வேண்டும். கூரை வெளிச்சம் குறைந்தது. வெளிச்சம் குறையும்போது மனிதக் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்பு, நீலம் கடைசிவரை நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் புர்கின்யே என்ற செக் விஞ்ஞானி எழுதி வைத்த விஷயம் இது. சாயங்கால நேரத்தில் ஷேடு பார்க்கக் கூடாது என்று எங்கள் மாஸ்டர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான். காரணம் தெரிந்தும் அந்த நிமிடத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை. அரக்கு முழுவதும் அணைந்தது. நீலம் மட்டும் தங்கியது. சுவர் ரொம்பத் தூரம் பின்னால் நகர்ந்த மாதிரி இருந்தது. நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது, பயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பாரம். எதை நினைத்தும் வந்தது இல்லை அது. பிறகு மேகம் விலகி, கீழிருந்து அந்த நாவல்பழ நிறம் மெல்ல ஏறி, அரக்கு திரும்பி வந்தது. பாரம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு உட்கார முடிந்தது.

இதைத்தான் நான் மற்றவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உருவம் இருக்கிற படத்தில் மனசு உடனே ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. இது மரம், இது முகம், இது சாமி என்று பெயர் வைத்தவுடன் நிறம் வேலைக்காரனாகிவிடுகிறது. இங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் நிறம் நேராக நம் மேல் வந்து இறங்குகிறது. லேபில் நான் நிறத்தைக் கேட்ட ஒரே கேள்வி, ஒத்துப்போகிறதா என்பது. டெல்டா ஈ என்கிற நிற வித்தியாச அளவு ஒன்றுக்குள் இருந்தால் சரி, தாண்டினால் தப்பு. எப்போதும் எதிரில் ஒரு ஸ்டாண்டர்ட் துண்டு இருக்கும். இந்த அறையில் எதிரில் வைக்கத் துண்டே கிடையாது. நிறம் இருக்கிறது, பார்க்கிற ஆள் இருக்கிறான், அவ்வளவுதான். அந்த ஆள் அன்றைக்கு எதைச் சுமந்துகொண்டு வந்தானோ அதை நிறம் வெளியே எடுத்துவிடுகிறது.

ரோத்கோவும் இதைத்தான் விரும்பினார். தனக்கு நிறங்களின் உறவிலோ வடிவத்திலோ அக்கறை இல்லை, சோகம், பரவசம், அழிவு போன்ற அடிப்படை உணர்வுகளைச் சொல்வதே தன் வேலை என்று 1950களில் சொன்னவர் அவர். தன் ஓவியத்தின் முன்னால் அழுகிறவர்கள், தான் அதை வரைந்தபோது பட்ட அதே ஆன்மிக அனுபவத்தைப் படுகிறார்கள் என்றும் சொன்னார். நான் போயிருந்தபோது ஓர் அம்மா வடக்குச் சுவரைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை. அது இந்த இடத்தின் பண்பாடு. அதைக் காப்பாற்றுகிற காவலர்களையும் தன்னார்வலர்களையும் பாராட்டியே ஆக வேண்டும்.

என் மகள் மெடிக்கல் சென்டரில் ஐசியு நர்ஸ். அங்கிருந்து இது பக்கம்தான். ஒரு நாள் நைட் டியூட்டி முடிந்து, ஸ்க்ரப்ஸ் மாற்றாமலேயே என்னை இறக்கிவிட வந்தவள், "நானும் கொஞ்சம் உக்காந்துட்டு வரேங்கப்பா" என்று உள்ளே வந்தாள். வடக்குச் சுவர் முன்னால் வெகுநேரம் இருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன், கண் திறந்துதான் இருந்தது. காரில் ஏறிய பிறகு சொன்னாள்: "அங்க யாரும் என்கிட்ட எதுவும் கேக்கலீங்கப்பா. அந்தச் செவுரு கூட கேக்கல." நான் "செரி கண்ணு" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் தனியாகவே போய் வருகிறாள்.

இதை எப்படிச் செய்தார் என்பது தொழில்காரனுக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். ரோத்கோ 1903-இல் அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய லாட்வியாவில் பிறந்து, 1913-இல் சிறுவனாக அமெரிக்கா வந்தவர். 1950களில் அவர் வரைந்த மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும்தான் உலகத்துக்குத் தெரியும். போகப்போக நிறம் இருண்டது. இந்த 14 ஓவியங்களுக்காக நியூயார்க்கில் கிழக்கு 69-ஆம் தெருவில் இருந்த தன் பட்டறைக்குள் சேப்பலின் சுவர்களை அதே அளவில் கட்டி வைத்துக்கொண்டார். கூரை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த ஒரு பாராசூட் துணியைக் கட்டித் தொங்கவிட்டார். நிறத்தூளை முயல்தோல் பசையில் கரைத்து அடிப்பூச்சு. கறுப்புக்கு எண்ணெய் வண்ணத்தோடு முட்டை, டம்மர் பிசின், டர்பன்டைன். கடைச் சரக்கை அப்படியே பிதுக்கிப் பூசியவர் இல்லை. ரெசிபி தானே போட்டவர். நல்ல சாய மாஸ்டர் ரெசிபியை யாரிடமும் விட மாட்டார், அந்த ஜாதி ஆள்.

ஆனால் அவர் இந்தக் கட்டடத்தைப் பார்க்கவே இல்லை. ஹூஸ்டனுக்கு வரவும் இல்லை. 1970 பிப்ரவரி 25 அன்று தன் பட்டறையில் தற்கொலை செய்துகொண்டார். சேப்பல் திறந்தது அதற்கு அடுத்த வருடம். நியூயார்க் வெளிச்சத்தில் பாராசூட்டுக்குக் கீழே தேறிய ஷேடு, டெக்சாஸ் வெயிலுக்குக் கீழே வந்ததும் தவறியது. கூரையிலிருந்து வெளிச்சம் கொட்டியது. துணி கட்டிப் பார்த்தார்கள், பிறகு தடுப்பு வைத்து மறைத்தார்கள், அது அறையை ரொம்ப இருட்டாக்கியது. 2020-இல் முடிந்த சீரமைப்பில்தான் கூரை ஜன்னலையே புதிதாக அமைத்து வெளிச்சத்தைச் சரிசெய்தார்கள். லைட் பாக்ஸைச் சரிசெய்ய ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. இப்போது அங்கே இறங்குகிற வெளிச்சம், என் கணக்கில், முதல் தரம். வடக்குப் பக்க ஜன்னலோரம் துணியை நீட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி நிழல் விழாத வெளிச்சம்.

வெளிச்சம் ரோத்கோவை விடாமல் துரத்தியது என்றே சொல்லலாம். 1960களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக அவர் வரைந்த பெரிய ஓவியங்களில் லித்தால் ரெட் என்ற சிவப்பைப் பயன்படுத்தினார். லைட் ஃபாஸ்ட்னஸ், அதாவது வெளிச்சத்தில் வெளிறாமல் நிற்கும் தன்மை, இல்லாத நிறமி அது. பெரிய கண்ணாடி ஜன்னல்கள் உள்ள சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். வெயில் பட்டுப் பட்டு, கருஞ்சிவப்பு வெளிறிப்போய், 1979-இல் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். துணியாக இருந்தால் நானே அரைத் துண்டை லேசாக மூடி வெயிலில் வைத்துச் சோதித்துச் சொல்லியிருப்பேன் என்று படித்தபோது வயிறு எரிந்தது. 2014-இல் அவற்றைத் தொடாமலேயே, ஒவ்வொரு இடத்திலும் குறைந்துபோன நிறத்தை மட்டும் கணக்குப் போட்டு ப்ரொஜெக்டர் வெளிச்சமாக மேலே பாய்ச்சி, பழைய நிறத்தைக் காட்டினார்கள். வெளிச்சம் தின்ற நிறத்தை வெளிச்சத்தாலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நிறம் பொருளில் பாதி, வெளிச்சத்தில் பாதி என்று நாங்கள் பேசுவதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

14-ம் எனக்கு ஒரே மாதிரிப் பிடித்துவிடவில்லை. பாதி ஓவியங்கள், அதாவது வடக்கில் இருக்கும் மூன்றும் மூலைச் சுவர்களில் இருக்கும் நான்கும், ஓரம் வரை ஒரே நிறமாகப் பரவியவை. அவைதான் இந்த இடத்தின் உயிர். மற்ற ஏழில், அரக்கு நிற ஓரத்துக்குள் கறுப்புச் செவ்வகம் நேர்கோட்டில் வெட்டி வைத்த மாதிரி நிற்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் மூன்று மூன்றாக, தெற்கில் ஒன்று. அந்தக் கோடு எனக்கு இடைஞ்சல். கோடு வந்தவுடன் கதவு, ஜன்னல் என்று மனசு பெயர் தேட ஆரம்பித்துவிடுகிறது. கறுப்பும் உள்ளே விடாமல் மூடிக்கொள்கிறது. அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கலாம். மூடிய சுவருக்கும் திறந்த சுவருக்கும் நடுவில் ஆளை உட்கார வைக்க நினைத்திருக்கலாம். என் கண்ணுக்கு அந்த ஏழும் கடினம். தெற்குச் சுவரில் வாசல்களுக்கு நடுவே இருக்கும் ஒன்றை மட்டும் வெளியே போகிற வழியில் நின்று பாருங்கள். அதில் ஓரத்து அரக்கு கொஞ்சம் தாராளமாக இருக்கிறது.

2024 ஜூலையில் பெரில் சூறாவளி ஹூஸ்டனைத் தாக்கியபோது கூரை ஒழுகி உள்ளே சேதம் ஆனது. சில ஓவியங்களிலும் பட்டது. மூடி வைத்துப் பழுது பார்த்து அந்த டிசம்பரில் திறந்தார்கள். முட்டையும் பசையும் சேர்ந்த பூச்சில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு, அந்தப் பராமரிப்பாளர்களின் வேலை எவ்வளவு பொறுமையானது என்று புரியும்.

வெளியே குளத்துக்கு நடுவில் பார்னெட் நியூமன் என்ற கலைஞர் செய்த உடைந்த தூண் சிற்பம் தலைகீழாக நிற்கிறது. மார்ட்டின் லூதர் கிங் நினைவுக்கு அர்ப்பணித்தது. துருவின் செங்காவி தண்ணீரில் விழுவது அழகு, ஐந்து நிமிடம் போதும். நேரம் இருந்தால் பக்கத்திலேயே மெனில் கலெக்ஷன் என்ற அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ரிச்மண்ட் ஹாலுக்கு நடந்து போங்கள். முன்னொரு காலத்தில் மளிகைக் கடையாக இருந்த கட்டடம். உள்ளே இருப்பது ட்யூப்லைட்டாலேயே கலை செய்த டான் ஃப்ளேவின் 1996-இல் இறப்பதற்குச் சற்று முன் வடிவமைத்தது. ஓவியம் கிடையாது, சாயம் கிடையாது, நிற ட்யூப்லைட் மட்டும். எந்த ட்யூப்லைட் என் ஷேடுகளைக் கவிழ்த்ததோ அதுவே இங்கே நிறமாக நிற்கிறது. இரண்டு சுவரிலும் பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் ஓடுகிறது. உற்சாகமான இடம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மனசுக்குள் இறங்குவதில் ரோத்கோவுக்குக் கிட்டே வராது. இதற்கும் காசு கிடையாது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் ரோத்கோவை முதலில் பாருங்கள். ட்யூப்லைட்டைப் பார்த்துவிட்டு நேரே அந்த அரக்குக்கு முன்னால் போனால் கண் வெகுநேரம் பொய் சொல்லும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளில் நிகழ்ச்சி ஏதாவது இருக்கலாம், இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பார்க்கிங் சுற்றியுள்ள தெருவோரம்தான், பலகையைப் படித்து நிறுத்துங்கள். முட்டிவலிக்காரர்கள் தரையில் மெத்தை போட்டு உட்கார வேண்டாம், பெஞ்ச் போதும், முதுகு சாய வசதி இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளை இங்கே கட்டிப் போடுவது பாவம். அவர்களை எதிரே புல்வெளியில் ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் உள்ளே போகலாம். உள்ளே போனதும் சுற்றி நடக்காமல், வடகிழக்கு மூலையைப் பார்த்து நேரே உட்காருங்கள். முழு வெயில் அடிக்கிற நாளைவிட, மேகம் வந்து வந்து போகிற நாள் உத்தமம். ஹூஸ்டனில் அந்த மாதிரி நாளுக்குப் பஞ்சமே இல்லை.